கேசட்டு ராஜாவா, மேடை ராஜாவா?

புக்கிட் ரம்பாய் வட்டாரத்து ரசிகர்கள் விடாமல் நடத்தும் வழக்கு

மேடையில் பாட்டு பாதியில் நிற்கிறது. பாடகி ஓரிடத்தில் சற்று முந்திவிட்டார். அல்லது வயலின் வரிசை ஒரு நொடி பிந்திவிட்டது. கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானோரில் பலருக்கு அது காதில் பட்டே இருக்காது. ஆர்மோனியத்தின் முன்னால் நிற்கும் இளையராஜா கையை உயர்த்துகிறார். எல்லாரும் நிறுத்துகிறார்கள். "முதல்ல இருந்து" என்கிறார். அவருடைய கச்சேரிக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் இப்படி ஒரு காட்சியை மறக்காமல் சொல்வார்கள். மலாக்கா நகரின் வடமேற்கே, செங், தஞ்சோங் மின்யாக், சுங்கை ஊடாங் என்று நீளும் புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் ராஜா ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்க அந்த ஒரு காட்சி போதும்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அரை நாள் வண்டி ஓட்டிப் போனவன் முன்னால் ஒத்திகை பார்ப்பதா என்று கேட்கிறது ஒரு கட்சி. பிழையோடு பாடினால் அது ராஜா பாட்டே இல்லை என்கிறது மறு கட்சி. மேடையில் பாட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாடலாமா, கேசட்டில் இருப்பது அப்படியே வரவேண்டுமா, படப்பாட்டு ராஜா பெரியவரா, தனி ஆல்பம் போட்ட ராஜா பெரியவரா, பாடகர்களில் 'மலேசியா' வாசுதேவனா, எஸ்.பி.பி.யா என்று வாதம் கிளை விட்டுக்கொண்டே போகும். தேத்தண்ணி ஆறிப்போகும், வாதம் ஆறாது. கல்யாண விருந்து மேசையிலும், கோயில் அன்னதான வரிசையிலும், கோலாலம்பூர் போகும் நெடுஞ்சாலையில் காருக்குள்ளும் இது தொடர்கிறது. வெறும் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டத்து மக்கள் தங்கள் இசை அறிவையெல்லாம் கொட்டிப் பேசுகிற இடம் இது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத பேஸ் கித்தாரைப் பற்றியும், எதிர்ச்சுரம் பற்றியும், இடையிசை எங்கே திரும்புகிறது என்பதைப் பற்றியும் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநரும் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவரும் நுணுக்கமாகப் பேசுவதை வேறெங்கு கேட்க முடியும்?

லயன் வீடுகளில் மின்சாரம் இருந்த நேரத்துக்கு ஏற்ப ரேடியோ பாடிய காலம் ஒன்று இருந்தது. வானொலியில் ஒருமுறை கேட்ட பாட்டு மறுபடி எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள், கேசட்டு வந்ததும் அதைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். மலாக்காவின் பெண்டஹாரா சாலைப் பக்கம் போய் வந்தால் கையில் ஒரு கேசட்டாவது இருக்கும். 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வந்தபோது ராஜா யாரென்று தெரியாது. இரண்டே வருடத்தில் 'ப்ரியா' வந்தபோது தெரியாதவர் இல்லை. ரஜினியும் ஸ்ரீதேவியும் சிங்கப்பூரில் நடந்து திரிந்த அந்தப் படத்தின் பாடல்கள் தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவானவற்றில் முதலாவது என்று பேசப்பட்டன. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று இசை பிரிந்து கேட்டது பலருக்கு அதுதான் முதல் தடவை. கித்தார் கற்க ஆசைப்பட்ட பையன்கள் 'மூடுபனி', 'பயணங்கள் முடிவதில்லை' பாட்டுகளை நாடா இழுபடும் வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டு விரல் வைத்துப் பார்த்தார்கள். அதே பையன்கள்தான் பிறகு 'சர்ச்' குழுவின் மலாய் ராக் பாட்டுகளையும் வாசித்தார்கள். ஒரே கித்தார், ஒரே இரவு, இரண்டு மொழி.

கேசட்டுக் கட்சியின் வலு இங்கேதான். ஆயிரம் முறை கேட்ட ஒலி மனத்தில் கல்வெட்டாகிவிட்டது. சசிதரனின் பேஸ் கித்தார் எங்கே இறங்கும், புருஷோத்தமனின் டிரம்ஸ் எங்கே நிற்கும், அருண்மொழியின் புல்லாங்குழல் எந்த மூச்சில் நுழையும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். மேடையில் வேறு ஆள் வேறு மாதிரி வாசித்தால் உடனே தெரிந்துவிடும். பேஸ் கேட்கவில்லை, வயலின் பாதிதான் இருந்தது, கீபோர்டில் ஷெனாய் வாசித்தார்கள் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பட்டியல் போடுவார்கள். குறை சொல்வதற்காகச் சொல்வதல்ல அது. அவ்வளவு கவனமாகக் கேட்டவர்களின் ஏமாற்றம்.

ஆனால் இரண்டு கட்சியும் பேச மறக்கும் ஒன்று உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அந்தப் பாட்டுகள் எப்படிப் பதிவாயின என்பது. இன்றுபோல் பாடகர் ஒரு நாள் வந்து பாடிவிட்டுப் போக, வயலின்காரர் மறுநாள் வந்து வாசித்துவிட்டுப் போக, கணினியில் ஒட்டிச் சேர்க்கும் ஏற்பாடு அப்போது இல்லை. பாடகரும், வயலின் வரிசையும், தபலாவும், டிரம்ஸும், கித்தாரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் கூடுவார்கள். ராஜா காலையில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சுரம் எழுதிக் கொடுப்பார். ஒத்திகை நடக்கும். பிறகு பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை ஒரே மூச்சில் பதிவு. நடுவே ஒருவர் தவறினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அப்படியென்றால், நாம் பிசகற்றது என்று கொண்டாடும் கேசட்டே ஒரு மேடைக் கச்சேரிதான். கேட்க ஆள் இல்லாத கச்சேரி, அவ்வளவுதான் வித்தியாசம். மேடையில் கை உயர்த்தி நிறுத்தும்போது ராஜா புதிதாக எதுவும் செய்யவில்லை; பிரசாத் ஸ்டுடியோவில் பல்லாண்டுகளாகச் செய்ததையே நம் கண்முன் செய்கிறார். டிக்கெட் வாங்கியவனை அவமதிப்பதாக இதைப் பார்க்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை அவனுக்கு மட்டும் திறந்து காட்டும் தருணம் அது. எனக்கு வேண்டாதது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அறிவிப்பாளர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம். நிறுத்தி மறுபடி வாசித்த நான்கு நிமிடத்தில் யாரும் எதையும் இழந்ததில்லை.

ராஜாவின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த வாதம் அவருக்குள்ளேயே நடந்திருப்பது தெரியும். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய அவர் மேடைக்காரராகத்தான் தொடங்கினார். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில், ஊர் ஊராக, ஆர்மோனியத்தோடு சுற்றினார். கூட்டம் கலையாமல் பிடித்து வைக்கும் வித்தை அங்கே கற்றது. 1968இல் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 'அன்னக்கிளி'க்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனவர், பல ஆண்டுகள் அதைவிட்டு வெளியே வந்தது அபூர்வம். 2005 அக்டோபரில் சென்னை நேரு உள்ளரங்கில் பெரிய கச்சேரி நடத்தியபோது ரசிகர்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் போனார்கள். 2013 பிப்ரவரியில் டொரொண்டோ, அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஓ2 அரங்கம் என்று மேடைகள் விரிந்தன.

அந்த ஆண்டுக் கடைசியில் நம் முறை வந்தது. 2013 டிசம்பர் 28, கோலாலம்பூர். அறிவிப்பு வந்த நாளிலிருந்தே இங்கே பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கச்சேரிக்குச் சில நாள் இருக்கையில் சென்னையிலிருந்து செய்தி: ராஜாவுக்கு நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்து இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை. கச்சேரி நின்றுவிடவில்லை, அவருடைய பிள்ளைகளும் பாடகர்களும் நடத்தினார்கள். அவரில்லாமல் நடந்த அந்த இரவைப் பற்றி இன்றும் இரு வேறு பேச்சு உண்டு. ராஜா இல்லாத மேடை என்ன மேடை என்று கசந்து பேசுபவர்கள் ஒருபுறம். எழுதிக்கொடுத்த இசை எழுதியவர் இல்லாமலும் நிற்கும் என்று அன்றுதான் தெரிந்தது என்பவர்கள் மறுபுறம். பின்னவர்கள் சொல்வதில் ஆழமான ஒன்று இருக்கிறது. மேற்கத்திய இசை மேதை பாக் இறந்து இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகிறது. அவர் எழுதிய தாள் இருப்பதால் இன்றும் வாசிக்கிறார்கள். ராஜாவும் தாளில் எழுதுபவர்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், தானே எழுதித் தானே பாடுபவர், 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நாட்டுப்புறக் கித்தாரோடு வளர்ந்த அவர் 1965இல் நியூபோர்ட் விழாவில் மின்கித்தாரோடு மேடையேறியபோது கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை யூதாஸ் என்றே கூவினார். 1988 முதல் நிற்காமல் ஊர் ஊராகப் பாடிவரும் அவர், தன் பாட்டை மேடையில் ஒருமுறை போல் மறுமுறை பாடுவதில்லை. மெட்டையே மாற்றிவிடுவார், பாதிப் பாட்டு போன பிறகுதான் எந்தப் பாட்டென்று ரசிகருக்குப் பிடிபடும். டிலன் ரசிகர்களும் நம்மவர்களைப் போலவே ஆல்பமா மேடையா என்று ஓயாமல் வாதிடுபவர்கள்தான். ஆனால் அங்கே பாட்டு பாடுபவரின் அந்த நேரத்து மனநிலை. இங்கே பாட்டு எழுதி முடித்த ஒரு கட்டுமானம். ஒருவருக்குப் பொருந்தும் அளவுகோலை மற்றவருக்கு வைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார். மேடையில் ஒரு சிரிப்பைச் சேர்ப்பார், ஒரு சங்கதியைக் கூட்டுவார், கூட்டம் எழுந்து நிற்கும். அந்தச் சுதந்திரம் இல்லாத ராஜா கச்சேரி வறண்டுபோகும் என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். பிழைக்காக நிறுத்துவது வேறு, பாடகரின் உற்சாகத்தை நிறுத்துவது வேறு. மேடை முதலாவதைக் கேட்கிறது, இரண்டாவதைத் தாங்காது.

நம் வாசுதேவன்

இந்த வாதத்தில் மலேசியத் தமிழருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1944இல் இங்கே பிறந்து, இங்கே நாடக மேடைகளில் நடித்தும் பாடியும் பழகி, சென்னைக்குப் போன வாசுதேவன், சினிமாவுக்கு முன்பே ராஜா சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் குழுவில் மேடைப் பாடகர். 1977இல் '16 வயதினிலே' பாட்டுக்கு எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாமல் போக, வாய்ப்பு அவருக்கு வந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கமல் வாயசைத்த அந்தக் குரலில் தோட்டத்துப் பேச்சின் திறந்த தொண்டை இருந்தது. 'பன்னீர் புஷ்பங்கள்', 'கோழி கூவுது' என்று வரிசையாக அவர் பாடியவற்றைக் கேட்டால், கிராமத்துக் குரல் என்று முத்திரை குத்தியவர்கள் எவ்வளவு குறைத்து மதிப்பிட்டார்கள் என்று புரியும். மெல்லிய காதல் பாட்டை அத்தனை அடக்கமாகப் பாடியவர்கள் குறைவு. 2011 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார். கேசட்டு உறையில் தன் பெயருக்கு முன்னால் நம் நாட்டின் பெயரைச் சுமந்த ஒருவருக்கு, அவர் பாட்டுகளை மட்டும் வைத்து முழு வாத்தியக் குழுவோடு ஒரு பெரிய கச்சேரி இங்கே நடக்கவேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

இன்னொரு மேடையும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதுதான் உண்மையான ராஜா மேடை. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் கூடும் கூட்டமும், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களும், தீபாவளி, பொங்கல் விருந்துகளும் உள்ளூர் இசைக்குழுக்களை வளர்த்தன. இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ், ஒரு கித்தார், ஆக்டோபேட், தபலா, நான்கு பாடகர்கள். நாற்பது வயலின் வாசித்ததை ஒரு கீபோர்டில் இரண்டு கையால் சமாளிக்க வேண்டும். பகலில் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் ஜானகி குரலுக்கு எட்டிப் பாடவேண்டும். சுரத்தாள் கிடையாது, காதால் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. கேசட்டு போலவே வருகிறதா என்று முன்வரிசையில் கைகட்டி நிற்கும் அண்ணன்மார்களைச் சமாதானப்படுத்துவது சாமானிய வேலையல்ல. ராஜாவை நேரில் ஒருமுறையும் பார்க்காத பலருக்கு அவர் இசை உடம்பில் ஏறியது இந்த இசைக்குழுக்கள் வழியாகத்தான். பேஸின் அதிர்வு நெஞ்சில் தட்டுவதைக் கேசட்டு கொடுக்காது. கோயில் திடலில் அடுக்கிய ஒலிபெருக்கிப் பெட்டி கொடுத்தது.

அதனால்தான் 2017 மார்ச்சில் அமெரிக்கப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று ராஜா தரப்பு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது இங்கே அதிர்ச்சி. எஸ்.பி.பி.க்கே இப்படியென்றால் நம் ஊர் இசைக்குழு எங்கே நிற்கும் என்ற பயம். பிறகு இருவரும் சமாதானமாகி 2019 ஜூனில் சென்னையில் ஒரே மேடையில் பாடினார்கள். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. போய்விட்டார். உரிமைக்காக ராஜா நீதிமன்றம் போனதில் மலேசிய நிறுவனமான அகி மியூசிக்கும் ஒரு தரப்பு. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், படைப்பாளி என்ற முறையில் அவருக்குள்ள தார்மீக உரிமையை ஏற்றுக்கொண்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன.

இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்குப் பங்கு போய்ச் சேரவேண்டும். டிக்கெட் விற்று, விளம்பரதாரர் பிடித்து நடத்தும் கச்சேரிக்காரர் கட்டணம் செலுத்தட்டும். பாட்டைப் போட்டுப் பணம் பண்ணும் நிறுவனமும் செலுத்தட்டும். கோயில் திடலில் இலவசமாகப் பாடும் இசைக்குழு வேறு வகை. அந்தக் குழுக்கள் இல்லாதிருந்தால் இரண்டாம் தலைமுறைக்கு இந்தப் பாட்டுகள் இந்த ஆழத்தில் போயிருக்காது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தாலும், ராஜா பார்க்கக்கூடாது.

இளையவர்கள் வேறு வாசலால் உள்ளே வருகிறார்கள். 2006இல் யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது, 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படப் பாட்டை ராப் பாட்டாகக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மூலப் பாட்டைத் தேடிப் போய் ராஜாவைக் கண்டுபிடித்தார்கள். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 'குணா' பாட்டை மறுபடி எல்லார் வாயிலும் போட்டது. அதற்கும் ராஜா தரப்பிலிருந்து அறிவிப்பு போனது.

படமில்லாத ராஜா

தனி ஆல்பங்களைப் பற்றிய வாதம் கொஞ்சம் நிதானமானது, கேட்டவர்களும் குறைவு. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் செய்த வணக்கம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் பாக்கின் சுரங்களோடு பேசிக்கொண்டே கர்நாடக ராகத்துக்குள் நழுவுகிற இடம் ஒன்று போதும் அந்த ஆல்பத்துக்கு. 1988இல் 'நத்திங் பட் விண்ட்', ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. என்னைக் கேட்டால் முதலாவதுதான் உயரம்; இரண்டாவது அழகானது, ஆனால் அபாயம் ஏதும் எடுக்காதது. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வந்த 'திருவாசகம்' சைவக் குடும்பங்களை இரண்டாக்கியது. ஓதுவார் பண்ணோடு பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெரும் வாத்தியக் கூட்டம் அந்நியமாகப் பட்டது. மாணிக்கவாசகரின் அழுகையைத் தேவார வகுப்புக்கு வெளியே இருந்த பிள்ளைகளிடம் கொண்டுபோனது அந்த ஆல்பம்தான் என்று அதை நேசிப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தோடு நான்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, மிகெல் டாம்ஸ் நடத்த, ராஜாவின் முதல் சிம்பொனியான 'வேலியண்ட்' அரங்கேறியது. சென்னை திரும்பியதும் அவர் சொன்னது முக்கியமானது: பதிவிறக்கம் செய்து கேட்காதீர்கள், வாத்தியக்காரர்கள் வாசிக்க நேரில் உட்கார்ந்து கேளுங்கள் என்றார். வாழ்நாளெல்லாம் ஒலிநாடாவுக்காக எழுதியவர், எண்பது வயது தாண்டி, நேரில் வா என்று கூப்பிடுகிறார். கேசட்டுக் கட்சிக்கு இதற்குப் பதில் சொல்ல இன்னும் வரவில்லை.

அவர் கோலாலம்பூர் மேடைக்கு வரும்போது என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், பட்டியல் தயார். அறிவிப்பாளர் இரண்டு முறைக்கு மேல் மேடை ஏறவேண்டாம். 'தளபதி'யின் பின்னணி இசையைப் படத்தைக் காட்டாமல் வாத்தியக் குழு முழுதாக வாசிக்கட்டும். 'ஹவ் டு நேம் இட்'டிலிருந்து ஓர் உருப்படி. வாசுதேவன் பாடியவற்றில் மூன்று, அவற்றைப் பாட மலேசியப் பாடகர் ஒருவர், உள்ளூர் இசைக்குழுவிலிருந்தே பொறுக்கி எடுத்தவர். பேஸ் கித்தாரின் ஒலியைக் கடைசி வரிசை வரை கேட்கும்படி ஏற்றிவைக்க வேண்டும். நடுவில் யாராவது பிசகினால், ராஜா நிறுத்தட்டும்.